வெற்றிடத்துக்குப் பொருள் சொல்வது யார்?

காகிதக் கோப்புகள் கணினிக்குள் போவதையும், பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு மாற்றப்படுவதையும் பத்திரிகைக்காரர்களாகிய நாம் எப்போதும் ஒரு நல்ல செய்தியாகவே எழுதி வந்திருக்கிறோம். அமைச்சர் ஒருவர் பொத்தானை அழுத்துவார். படம் பிடிக்கப்படும். 'இனி வரிசையில் நிற்கத் தேவையில்லை' என்பது மறுநாள் தலைப்பாகும். அந்தச் செய்தியில் ஒருபோதும் இடம்பெறாத கேள்வி ஒன்று உண்டு. பழைய பதிவேட்டில் எதுவும் எழுதப்படாமல் விடப்பட்ட கட்டங்கள் புதிய இயந்திரத்தில் என்னவாகின்றன என்பதே அந்தக் கேள்வி.

இது கணினிப் பொறியியலாளர்களின் தலைவலி, நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். கண்டி நகரையும் அதைச் சூழ்ந்துள்ள தோட்டங்களையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தியாளனாகச் சுற்றி வந்தவன் என்ற முறையில் என்னால் அப்படி ஒதுங்கிவிட முடியவில்லை. ஏனெனில், நிரப்பப்படாத கட்டங்களுக்கு யாரோ கொடுத்த பொருளால் ஒரு முழுச் சமூகமே நாடற்றதாக்கப்பட்ட வரலாறு இந்த மலைகளுக்கு உண்டு. கணினி அந்த வரலாற்றை உருவாக்கவில்லை. ஆனால் நாம் கவனிக்காவிட்டால், அதை ஓசையின்றி மீண்டும் நடத்திக் காட்டும் வல்லமை அதற்கு உண்டு.

'இல்லை' வேறு, 'தெரியாது' வேறு

முதலில் விடயத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன். ஒரு படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் இருக்கிறது. அது வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமைக்குக் குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு. அந்த மனிதருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லை என்பது ஒன்று. இருக்கிறது, ஆனால் எழுதியவருக்குத் தெரியவில்லை என்பது மற்றொன்று. எழுதுவினைஞர் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை என்பது மூன்றாவது. காகிதத்தில் மூன்றும் ஒரே வெள்ளை இடமாகத்தான் தெரியும்.

கணினித் தரவுத்தளங்களில் இந்த வெறுமையைக் குறிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, எழுத்து எதுவுமற்ற வெற்றுச் சொல். அதாவது, 'பதில் வந்தது, அதில் எழுத்து இல்லை' என்பது. மற்றொன்று 'நல்' எனப்படுவது. அதாவது, 'பதில் என்னவென்றே தெரியாது' என்பது. தபாலில் வெற்றுத்தாள் வைத்த உறை வந்து சேர்வதற்கும், உறையே வராமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று இதை வைத்துக்கொள்ளலாம்.

நல் என்பது விசித்திரமான குணங்களை உடையது. அதனை எதனுடன் ஒப்பிட்டாலும் விடை 'ஆம்' என்றும் வராது, 'அல்ல' என்றும் வராது. 'தெரியாது' என்றே வரும். ஒரு நல்லும் இன்னொரு நல்லும் சமமா என்று கேட்டாலும் அதே விடைதான். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிறந்த திகதி தெரியாத இருவர் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? வெவ்வேறு நாட்களில் பிறந்தவர்கள் என்றுதான் சொல்ல முடியுமா? இன்றைய தரவுத்தளங்களின் அடிப்படைக் கோட்பாட்டை 1970இல் வகுத்த எட்கர் கொட், இந்த வெறுமை ஒன்றல்ல, இரண்டு என்று பின்னாளில் வாதிட்டார். இருக்கிறது ஆனால் தெரியவில்லை என்பதற்கு ஓர் அடையாளமும், இவருக்கு இது பொருந்தவே பொருந்தாது என்பதற்கு வேறோர் அடையாளமும் வேண்டும் என்று 1990இல் வெளியான தமது நூலில் எழுதினார். கணினித் தொழில் அதை ஏற்கவில்லை. ஒரே நல்லை வைத்துக்கொண்டு எல்லா வெறுமைகளையும் அதற்குள் போட்டுவிட்டது.

சிக்கல் அத்துடன் நிற்கவில்லை. உலகெங்கும் வங்கிகளும் அரசுகளும் நீண்டகாலமாகப் பயன்படுத்திவரும் ஒராக்கிள் என்ற தரவுத்தளம், எழுத்தற்ற வெற்றுச் சொல்லையும் நல்லையும் ஒன்றாகவே கருதுகிறது. இந்த நடத்தை எதிர்காலத்தில் மாறலாம், இதை நம்பியிருக்க வேண்டாம் என்று அதன் கையேடே எச்சரித்து வந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் தரவுத்தளம் ஆகியவை இரண்டையும் வேறுவேறாகக் கருதுகின்றன. உரிமக் கட்டணத்தின் சுமை தாங்காமல் ஒரு நிறுவனம் ஒராக்கிளைக் கைவிட்டு, கட்டணமற்ற போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாற்றத்தில் என்ன நடக்கும்?

முழுப் பெயரைக் காட்டுவதற்காக, குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் ஒட்டும் ஒரு கட்டளை பழைய நிரலில் இருக்கும். குடும்பப் பெயர் வெறுமையாக இருந்தால், ஒராக்கிள் அதைப் பொருட்படுத்தாமல் சொந்தப் பெயரை மட்டும் காட்டும். அதே கட்டளையைப் போஸ்ட்கிரெஸ்ஸிடம் கொடுத்தால், 'தெரியாததுடன் மாரியாயியை ஒட்டினால் வருவது தெரியாததே' என்று அது முடிவு செய்யும். முழுப் பெயரும் நல் ஆகிவிடும். சேமிப்பில் மாரியாயி என்ற பெயர் பத்திரமாக இருக்கும். ஆனால் திரையிலும் அச்சிட்ட பட்டியலிலும் அந்தப் பெண் பெயரற்றவளாகிவிடுவாள்.

இப்படி ஒரு காட்சியை நான் நேரில் கண்டிருக்கிறேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையற்றது. மென்பொருளை அண்மையில் மாற்றியிருந்தார்கள். தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த முதிய பெண்ணிடம், பட்டியலைப் பார்த்த இளைஞர் "நம்பர் இருக்கு, பேர் இல்லையே அம்மா" என்றார். "பேர் இல்லாட்டி என்னா ஐயா, ஆள் நான்தான் இங்க நிக்கிறேனே" என்றார் அவர். அடையாள அட்டை கையில் இருந்தது. அதில் பெயரும் இருந்தது. ஆயினும் 'மேலதிகாரி வரட்டும், அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பப்பட்டார். அந்த இளைஞர் கெட்டவரல்லர். திரையில் இல்லாததை ஏற்கும் அதிகாரம் அவருக்குத் தரப்பட்டிருக்கவில்லை. ஒரு பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி. பொறியியலாளர்கள் 'சிறு வழு' என்று குறிப்பதன் விலை இதுதான். அந்தப் பட்டியலில் எத்தனை பெயர்கள் இப்படி மறைந்தன என்று விசாரித்தேன். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1948இன் காலிக் கட்டங்கள்

கணினிக்கு முந்திய காலத்துக்குப் போவோம். இலங்கையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வைத்திருக்கும் வாசகர்கள் அதை எடுத்துப் பாருங்கள். பழைய படிவத்தில் குழந்தையின் பெயர், தாய் தந்தையர் விபரம் ஆகியவற்றுக்குப் பின்னர், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் ஒரு கட்டம் இருக்கும். அதற்குக் கீழே, தந்தை இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனாரைப் பற்றிக் கேட்கும் இன்னொரு கட்டம் இருக்கும். பிறந்த குழந்தைக்கும் அதன் பூட்டனாருக்கும் என்ன சம்பந்தம் என்று வியப்பவர்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தைப் புரட்ட வேண்டும்.

1948 நவம்பர் 15இல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாக ஏற்கப்பட வேண்டுமாயின், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1948இல் முப்பது வயதான ஒரு தொழிலாளி 1918இல் பிறந்தவர். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டுகள் என்று வைத்தால், அவருடைய தந்தை 1890களிலும், பாட்டனார் 1860களிலும், பூட்டனார் 1840களிலும் பிறந்திருப்பார்கள். இந்த நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சட்டபூர்வமான ஏற்பாடு வந்ததோ 1867இல். தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய அதே ஆண்டு அது. பதிவேடே இல்லாத காலத்தில் பிறந்த பூட்டனாருக்குப் பதிவுச் சான்று எங்கிருந்து வரும்?

பிற்காலத்திலும் தோட்டத்துப் பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படவில்லை. தோட்டத்தில் பிறக்கும் குழந்தையைப் பற்றி அறிவிக்கும் பொறுப்பு தோட்டத்துரையிடம் இருந்தது. பெயரை எழுதுபவர் காதில் விழுந்தபடி எழுதினார். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் இன்னொரு பெயர், அரிசிப் பங்கீட்டு அட்டையில் மூன்றாவது பெயர். கண்டி கச்சேரியின் வாசலில் இந்த மூன்று பெயர்களும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி எழுதிப் பிழைத்தவர்கள் பலர்.

இங்கே நான் சொல்ல வருவது இதுதான். பூட்டனார் எங்கே பிறந்தார் என்ற கட்டம் ஹேவாஹெட்டயிலோ பன்விலயிலோ வாழ்ந்த ஒரு சிங்களக் கிராமவாசிக்கும் வெறுமையாகத்தான் இருந்தது. 1840களின் பதிவு அவரிடமும் இல்லை. ஆனால் அவருடைய வெற்றிடம் 'இங்கேதான் பிறந்திருப்பார், கேட்கவே வேண்டாம்' என்று வாசிக்கப்பட்டது. அடுத்த மலையில் லயத்தில் வாழ்ந்தவரின் வெற்றிடம் 'இங்கே பிறக்கவில்லை' என்று வாசிக்கப்பட்டது. இருவருக்கும் ஒரே வெறுமை. வாசித்த முறை மட்டுமே வேறு. ஆவணம் பேசாத இடத்தில் அதிகாரம் பேசியது.

இதை வெறும் பதிவுக் குறைபாடு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சட்டம் யாரை வெளியே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தே எழுதப்பட்டது. ஆனால் அந்த நோக்கம் சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். 'இந்திய வம்சாவளித் தமிழருக்குப் பிரசாவுரிமை இல்லை' என்று எந்தப் பிரிவிலும் இல்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி. எல்லோருக்கும் ஒரே படிவம். வேலையை முடித்தது காலிக் கட்டம்.

அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமும் அவ்வாறே. 1946 ஜனவரி 1க்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. தொடர்ச்சியான வதிவில் ஓர் இடைவெளி, அதற்கு ஆவணம் இல்லை என்றால், அந்த இடைவெளி அவர் நாட்டில் இல்லாத காலமாகவே கருதப்பட்டது. தெரியாதது இல்லையென்றாகியது.

ஒன்றரை இலட்சம் 'தெரியாது'கள்

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தானது. நாடற்றவர்கள் என மதிப்பிடப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாகியது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் என்று விடப்பட்டது.

தரவுத்தள மொழியில் சொன்னால், இரண்டு அரசுகள் சேர்ந்து 1 இலட்சத்து 50 ஆயிரம் மனிதர்களின் 'நாடு' என்ற கட்டத்தில் நல் என்று எழுதி வைத்தன. இந்தியா அல்ல, இலங்கையும் அல்ல, இரண்டும் இல்லை என்றும் அல்ல, தெரியாது. இதிலும் கொடிய ஒரு விடயம் உண்டு. அவை எண்களே தவிரப் பெயர்கள் அல்ல. கலஹாவிலோ ரங்கலையிலோ கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருவருக்குத் தாம் எந்த எண்ணுக்குள் இருக்கிறோம் என்பது தெரியாது. அதைச் சொல்லவல்ல பட்டியலும் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1974இல், அந்த எண்ணிக்கை தலா 75 ஆயிரமாகப் பாதிக்குப் பாதி பிரிக்கப்பட்டது.

அந்தத் தெரியாமை காகிதத்தோடு முடியவில்லை. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் கடவுச்சீட்டுப் பெற்று, புகையிரதமேறித் தலைமன்னாருக்குப் போனவர்களின் கதை பலருக்குத் தெரியும். 1984இல் கப்பல் நின்றதும், இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே தங்கிவிட்டவர்கள் ஏறத்தாழ 84 ஆயிரம் பேர். 1986ஆம், 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஓரளவு தீர்வு தந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரசாவுரிமையை உறுதிப்படுத்தியது. 1948இல் வெறுமையாக்கப்பட்ட ஒரு கட்டத்தை நிரப்ப 55 ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஒரே ஓர் எழுத்து

தேசிய அடையாள அட்டையின் கதை இவ்விடத்தில் பொருத்தமானது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1970களில் வழங்கத் தொடங்கிய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். கடைசி எழுத்து வாக்குரிமையைக் காட்டியது. வாக்காளருக்கு 'வீ', வாக்குரிமையற்றவருக்கு 'எக்ஸ்'. மலையகத்தில் ஒரு தலைமுறை அந்த எக்ஸைச் சட்டைப்பையில் சுமந்து நடந்தது. சோதனைச் சாவடியிலும் வங்கியிலும் வேலை கேட்டுப் போன இடத்திலும் அட்டையை நீட்டியவுடன் எதிரே இருப்பவரின் கண் முதலில் போவது அந்தக் கடைசி எழுத்துக்கே.

2016 ஜனவரி 1 முதல் பன்னிரண்டு இலக்க எண்கள் வந்தன. பிறந்த ஆண்டு நான்கு இலக்கமாகியது. கடைசி எழுத்து நீக்கப்பட்டது. இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். ஆனால் பழைய எண்களும் புதிய எண்களும் அருகருகே வாழும் தரவுத்தளங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் அந்த எழுத்துக்கென ஒரு தனிக் கட்டம் இருக்குமானால், புதிய அட்டைதாரருக்கு அது வெறுமையாக இருக்கும். 'எக்ஸ் அல்லாத அனைவரையும் காட்டு' என்று யாராவது கேட்டால் என்ன நடக்கும்? நமது பொதுப்புத்திக்கு, எழுத்தே இல்லாதவர் எக்ஸ் அல்லாதவர்தான். ஆனால் கணினியில் அந்த வெறுமை நல் என்று பதிந்திருந்தால், 'இவர் எக்ஸா அல்லவா என்பது தெரியாது' என்று அது அவரை விட்டுவிடும். வெற்றுச் சொல் என்று பதிந்திருந்தால் பட்டியலில் சேர்க்கும். எந்த அமைச்சரவையும் தீர்மானிக்காத ஒரு விலக்கல் இப்படி நிகழ முடியும். இலங்கையில் இது நடந்துவிட்டது என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. நடக்கக்கூடியது என்று தெரிந்த ஒன்றைத் தடுப்பது யாருடைய கடமை என்றே கேட்கிறேன்.

பெயரின் பாதி எங்கே?

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கு இது அந்நியமான கதையாகத் தோன்றாது என்று நினைக்கிறேன். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் கிடையாது. தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொண்டு, தம் பெயரோடு வாழ்ந்து முடிப்பவர்கள் நாம். உலகக் கணினிகளோ இரண்டு பெயர்களைக் கேட்கின்றன. கடவுச்சீட்டில் ஒரே பெயர் உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான மூன்று எழுத்துகள் இடப்படுகின்றன. அங்கே போய்ச் சேர்ந்தபின், வங்கியிலும் மருத்துவமனையிலும் அந்த மூன்று எழுத்துகளையே பெயராகக் கொண்டு அழைக்கப்படுபவர்கள் பலர். 'தெரியாது' என்பதே ஒரு மனிதனின் பெயராகிவிடுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்ற விளக்கம் பின்னர் வந்தது. இத்தனைக்கும், ஒற்றைப் பெயர் கொண்டவரின் கடவுச்சீட்டை எப்படி அச்சிடுவது என்பதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் ஏற்கெனவே வழி இருக்கிறது.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒருவர் தமது காருக்கு 'நல்' என்ற ஆங்கிலச் சொல்லையே இலக்கத் தகடாக வாங்கினார். வாகன எண் பதியப்படாத தண்டப் பணச் சீட்டுகளெல்லாம் அவர் வீட்டுக்கு வரத் தொடங்கின. 12 ஆயிரம் டொலருக்கு மேல் சேர்ந்துவிட்டது என்று 2019இல் ஒரு கருத்தரங்கில் அவரே சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அது வேடிக்கையாக வாங்கிய தகடு, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். பெயரைக் கழற்ற முடியாது.

செய்ய வேண்டியவை

இன்று இந்தக் கேள்வி அவசரமாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. இலங்கை, இந்தியாவின் நிதியுதவியுடன் ஒரு தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தில் இறங்கியிருக்கிறது. அதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2022 மார்ச்சில் கைச்சாத்தானது. ஒருகாலத்தில் இந்த மக்களை எண்களாகப் பங்கிட்டுக்கொண்ட அதே இரு நாடுகள் இவை. அந்த முரணை நான் சுட்டுவது குறைசொல்வதற்காக அல்ல. இம்முறையாவது எண்களுக்குப் பின்னால் இருக்கும் பெயர்கள் எண்ணப்பட வேண்டும் என்பதற்காகவே.

பொறியியலாளர்களின் பக்கமும் கேட்டேன். 'எல்லாக் கட்டங்களையும் கட்டாயமாக்கிவிட்டால் வெற்றிடமே இராது. மோசடியும் குறையும்' என்பது அவர்களில் சிலருடைய வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டாயப்படுத்தப்பட்ட கட்டம் உண்மையைத் தராது, பொய்யைத்தான் தரும். பிறந்த நாள் தெரியாதவருக்கு ஜனவரி 1 என்று எழுதப்படும். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு ஒரு புள்ளியோ கோடோ போடப்படும். வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத லய அறைக்கு ஏதோ ஓர் இலக்கம் இடப்படும். நேர்மையான வெற்றிடத்தை விட இந்த இட்டுநிரப்பல் ஆபத்தானது. ஏனெனில், நாளை அதைப் பார்ப்பவர் உண்மையென்றே நம்புவார். நமது பழைய நிர்வாகத்துக்கே இதைவிட நல்ல வழி தெரிந்திருந்தது. பிறப்புப் பதிவு கிடைக்காதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கினார்கள். 'உத்தேசம்' என்ற ஒரு சொல், 'இது எங்களுக்குத் திட்டமாகத் தெரியாது' என்பதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது.

ஆகவே நான் கேட்பது இவைதான். முதலாவது, ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் அருகில் காரணம் பதியப்பட வேண்டும்: இல்லை, தெரியாது, பொருந்தாது, கேட்கப்படவில்லை. நான்கு சொற்கள் போதும். எட்கர் கொட் கேட்டதைத் தரவுத்தளம் தராவிட்டாலும், அதை வடிவமைப்பவர் தர முடியும். இரண்டாவது, எந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வெற்றிடங்கள் என்று எண்ணி, அந்தக் கணக்கைப் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும். வெற்றிடங்கள் நாடெங்கும் சீராகப் பரவியிருப்பதில்லை. கண்டி நகரில் ஒன்றாக இருப்பது தெல்தோட்டையில் நூறாக இருக்கலாம். மொத்தக் கணக்கில் அது தெரியாது. பிரித்துப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது, பழைய பதிவேடுகளை வருடிப் படமாகச் சேமிக்காமல் அகற்றக்கூடாது. கட்டம் வெறுமையாக விடப்பட்டதா, கோடிடப்பட்டதா, எழுதி அழிக்கப்பட்டதா என்பது மூலத்தில் மட்டுமே தெரியும். நான்காவது, தம்மைப் பற்றிக் கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஒவ்வொருவரும் தமது மொழியில் பார்க்கவும் திருத்தவும் வழி வேண்டும். ஐந்தாவதும் முதன்மையானதும் இது: வெற்றிடம் ஒன்றைக் காரணம் காட்டி எவருக்கும் எந்த உரிமையும் மறுக்கப்படக் கூடாது. ஆவணம் பேசாதபோது, நிரூபிக்கும் சுமை மறுப்பவருடையதாக இருக்க வேண்டும்.

இவற்றுக்குப் பணம் செலவாகும், காலதாமதமாகும் என்பார்கள். ஆம், ஆகும். சில மாதங்கள் தாமதமாகலாம். 1948இல் விடப்பட்ட கட்டத்தை நிரப்ப எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை மேலே எழுதியிருக்கிறேன். இரண்டு தாமதங்களில் எது மலிவானது என்பதை வாசகர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

தெரியாததைத் 'தெரியாது' என்று எழுதி வைப்பதில் இழிவு எதுவும் இல்லை. தெரியாததை 'இல்லை' என்று வாசிப்பதில்தான் அநீதி தொடங்குகிறது. இந்த மலைகளில் வாழும் நாம் அதை ஒருமுறை பார்த்துவிட்டோம். புதிய தரவுத்தளத்தை வடிவமைக்கும் இளைஞர்கள் அன்று பிறந்திருக்கவில்லை. அவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியது நமது பொறுப்பு. கட்டளைகளை எழுதத் தொடங்குவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.